ஆறாயிரம் பனிமான்களும் ஒரு குளிர்காலமும்

இலக்கியம் பேசுகிற இடத்தில் மானைப் பற்றிப் பேசலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். அதில் வரலாறு இருந்தால் பேசுங்கள் என்றார்கள். இருக்கிறது. கொஞ்சம் கனமான வரலாறுதான்.

நான் குமரி மாவட்டத்துக்காரி. ஊரில் நர்சிங் டிப்ளமோ முடித்து, சில ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துவிட்டு, இப்போது பின்லாந்தின் வடபகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறேன். இங்கே வந்த முதல் நவம்பரில், என் பொறுப்பில் இருந்த ஒரு பெரியவர், காலை மருந்தோடு நான் உள்ளே நுழைந்ததும் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார். "வெளியே மழையா?"

நவம்பர் என்றால் நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும். மழை வரவில்லை என்றால்தான் நமக்குக் கவலை. ஒருநாள் காலையில் உண்மையிலேயே மழை பெய்தது. ஊர் ஞாபகம் வந்து, சந்தோஷமாக "ஆமாம், மழைதான்" என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. கஞ்சிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று காலை அவர் சாப்பிடவில்லை என்று சார்ட்டில் எழுதினேன். காரணம் எழுதத் தெரியவில்லை.

அவர் வாழ்நாள் முழுவதும் பனிமான் மேய்த்தவர். ரெயின்டீர் என்று கிறிஸ்துமஸ் அட்டையில் பார்ப்போமே, அதுதான். அவருடைய மந்தை அப்போது மகனிடம் இருந்தது. ஏற்கெனவே பனி விழுந்து கிடக்கிற நிலத்தில் மழை பெய்தால், தண்ணீர் பனிக்குள் இறங்கும். அடுத்த குளிரில் அது கெட்டியான பனிக்கட்டித் தகடாக இறுகிவிடும். மான் குளம்பால் எவ்வளவு உதைத்தாலும் அது உடையாது. தீனி கீழே அப்படியே இருக்கும், ஆனால் வாய்க்கு எட்டாது. ரஷ்யாவின் வடக்கே யமால் தீபகற்பத்தில் 2013 நவம்பரில் இப்படித்தான் பனி மேல் மழை பெய்து உறைந்தது. அந்தக் குளிர்காலத்தில் அங்கே 61,000 பனிமான்கள் பட்டினியில் செத்தன.

இந்த வடபகுதியின் பூர்வகுடிகளைச் சாமி மக்கள் என்பார்கள். நம்ம ஊர் சாமி இல்லை, அது அவர்களுடைய இனப்பெயர். அவர்கள் மொழியில் 'குவோஹ்துன்' என்று ஒரு சொல் இருக்கிறது. மேய்ச்சல் என்று மொழிபெயர்க்கலாம், ஆனால் அது போதாது. கீழே தீனி இருக்கிறதா, அதன் மேல் பனி எவ்வளவு, அந்தப் பனி பொடியா கட்டியா, மானால் தோண்டி எடுக்க முடியுமா என்ற நான்கையும் சேர்த்துச் சொல்கிற சொல் அது. அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் பெரியவரின் மழைக் கேள்வி எனக்குப் புரிந்தது.

பனிக்கு அடியில் அப்படி என்ன தீனி இருக்கிறது? லைக்கன். பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழ்கிற ஓர் உயிர். புதிதாகக் கேட்பதுபோல் இருக்கும், ஆனால் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. பிரியாணிக்கும் செட்டிநாட்டு மசாலாவுக்கும் போடுகிற கல்பாசி ஒரு லைக்கன்தான். பனிமான் தின்பது அதன் வேறு வகைகள். வெளிர்சாம்பலும் வெளிர்மஞ்சளுமாக, தரையில் ஸ்பாஞ்சு விரித்ததுபோல் கிடக்கும்.

கோடையில் பனிமான் புல், கோரை, வில்லோ இலை, பூச்செடிகள், காளான் எல்லாம் தின்னும். அந்தச் சில மாதங்களில்தான் கொழுப்பும் தசையும் ஏறும். குளிர் வந்ததும் பச்சை எல்லாம் காய்ந்து போகும். அப்போது அது பனியை முகர்ந்து, அடியில் லைக்கன் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, முன்னங்காலால் குழி தோண்டும். வட அமெரிக்காவில் இதே மானைக் 'கரிபூ' என்கிறார்கள். அங்குள்ள பூர்வகுடிகளான மிக்மாக் மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர் அது. பனியைத் தோண்டுவது என்று பொருள். ஆண் மான்கள் இணைசேரும் பருவம் முடிந்ததும் கொம்பை உதிர்த்துவிடும். பெண் மான்களோ குளிர்காலம் முழுக்கக் கொம்போடு இருக்கும். சினையாக இருக்கிற பெண், தான் தோண்டிய குழியை மற்றவை பிடுங்காமல் காக்க அந்தக் கொம்புதான் துணை.

லைக்கனில் மாவுச்சத்து நிறைய, புரதம் மிகக் குறைவு. ஒரு நர்ஸாக எனக்கு வியப்பான இடம் இது. சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தில் யூரியா ஏறினால் நாம் பதறுவோம். பனிமானோ குளிர்காலத்தில் அதே யூரியாவை வெளியே விடாமல் மறுபடி இரைப்பைக்கு அனுப்புகிறது. அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அதை வைத்துப் புரதம் செய்கின்றன. பசியும் தானாகவே குறைகிறது. பட்டியில் அடைத்துத் தீனி நிறையப் போட்டாலும் குளிர்காலத்தில் குறைவாகத்தான் தின்னும். உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு ஒரு கணக்கு, தோண்டி எடுக்கிற லைக்கன் இன்னொரு கணக்கு. இரண்டும் சேர்ந்தால்தான் வசந்தம் வரை தாங்கும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு குளிர்காலத்தில் தின்று தீர்த்த இடம் பழையபடி ஆகப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

இனி அந்தத் தீவுக்குப் போவோம். அலாஸ்காவுக்கு மேற்கே பேரிங் கடலின் நடுவில் செயின்ட் மேத்யூ என்று ஒரு தீவு. ஏறத்தாழ 330 சதுர கிலோமீட்டர். ஆள் குடியிருப்பு கிடையாது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கே ஒரு வானொலி வழிகாட்டு நிலையம் அமைத்தது. அங்கிருந்தவர்கள் 19 பேர். கடல் மோசமாகி உணவுக் கப்பல் வர முடியாமல் போனால் என்ன செய்வது? 1944 ஆகஸ்டில் நுனிவாக் என்ற வேறொரு தீவிலிருந்து 29 பனிமான்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 24 பெண், 5 ஆண். அவசரத்துக்கு இறைச்சி, அவ்வளவுதான் திட்டம்.

போர் முடிந்தது. ஆட்கள் கிளம்பினார்கள். மான்கள் அங்கேயே விடப்பட்டன.

தீவில் ஓநாய் கிடையாது, நரியும் எலியும்தான். யாரும் மேயாத லைக்கன் படுகை மெத்தைபோல் கிடந்தது. 1957இல் டேவிட் கிளைன் என்ற வனவிலங்கு ஆய்வாளர் போய்ப் பார்த்தபோது 29 மான்கள் ஏறத்தாழ 1,350 ஆகியிருந்தன. எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. வளர்ப்பு மந்தைகளில் உள்ள மான்களோடு ஒப்பிட்டால், பெண் மான்கள் 24 முதல் 53 சதவீதம் வரையும், ஆண் மான்கள் 46 முதல் 61 சதவீதம் வரையும் எடை கூடுதல். நூறு தாய் மான்களுக்கு 75 குட்டிகள் இருந்தன.

ஆறு ஆண்டு கழித்து, 1963 கோடையில், கிளைன் மறுபடி போனார். இப்போது 6,000 மான்கள். சதுர மைலுக்கு ஏறத்தாழ 47. வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் அந்த மந்தையின் வரலாற்றிலேயே உச்சம் அதுதான்.

ஆனால் அவர் எண்ணியதோடு நிறுத்தவில்லை, எடையும் எடுத்தார். வளர்ந்த பெண் மான்களின் சராசரி எடை 1957ஐவிட 38 சதவீதம் குறைந்திருந்தது. ஆண்களுக்கு 43 சதவீதம். நூறு தாய்களுக்கு 75 ஆக இருந்த குட்டிகள் 60 ஆகியிருந்தன. ஒரு வயதைத் தாண்டிய இளம் மான்கள் 45இலிருந்து 26 ஆகியிருந்தன. குளிர்காலத் தீனி என்று சொல்லும்படியான லைக்கன் தீவில் மிச்சமில்லை. லைக்கன் இருந்த இடங்களில் புல்லும் கோரையும் பரவிக்கொண்டிருந்தன.

அடுத்து வந்த 1963-64 குளிர்காலத்தின் பிற்பகுதியில் மிகக் கடுமையான பனி விழுந்து குவிந்தது. அந்த ஒரே குளிர்காலத்தில் ஏறக்குறைய முழு மந்தையும் பட்டினியில் செத்தது. 1966இல் கிளைன் மூன்றாவது முறை போனபோது தீவு முழுக்க எலும்புகள். உயிரோடு இருந்தவை 42. அவற்றில் 41 பெண். ஒரே ஓர் ஆண், அதுவும் கொம்பு சரியாக வளராதது. குட்டி ஒன்றுகூட இல்லை. 1980களுக்குள் கடைசி மானும் போய்விட்டது.

ஆண்கள் ஏன் முதலில் போகின்றன? இலையுதிர் காலத்தில் இணைசேரும் பருவத்தில் ஆண் மான்கள் சண்டையிலும் ஓட்டத்திலும் இருந்துவிட்டுச் சரியாகத் தின்னாது. கோடையில் சேர்த்த கொழுப்பு அதில் கரைந்துவிடும். குளிர்காலத்துக்குள் கால் வைக்கும்போதே கை காலி, தலையில் கொம்பும் இல்லை.

இந்தக் கதை தெரியாமல் நடந்த தவறு என்றால்கூட மனது ஆறும். அதே பேரிங் கடலில் செயின்ட் பால் என்று இன்னொரு தீவு. அங்கே 1911இல் 25 பனிமான்களை விட்டார்கள். 1938இல் அவை 2,046 ஆயின. 1950இல் எட்டு. விக்டர் ஷெஃபர் என்ற உயிரியலாளர் 1951இலேயே இதை விரிவாக எழுதி அச்சிட்டுவிட்டார். செயின்ட் மேத்யூவில் மான்கள் பெருகிக்கொண்டிருந்த காலத்திலேயே, அவற்றுக்கு என்ன ஆகப் போகிறது என்பது அச்சில் இருந்தது.

செயின்ட் மேத்யூ கதையை இணையத்தில் நீங்கள் படித்திருக்கலாம். மக்கள்தொகை பெருகினால் இப்படித்தான் ஆகும் என்று ஒரு நீதிக்கதையாக அதைச் சொல்வார்கள். "எல்லாவற்றையும் தின்று தீர்த்தன, செத்தன" என்று இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் இரண்டு சங்கடங்கள்.

முதலாவது, அவை எல்லாவற்றையும் தின்று தீர்க்கவில்லை. 1963 கோடையில் அந்தத் தீவில் இறங்கியவர் கண்ணுக்குப் புல்லும் கோரையும் பச்சையாகத்தான் தெரிந்திருக்கும். கோடைக்கான தீனி இருந்தது. இல்லாமல் போனது குளிர்காலத்துக்கான தீனி. குளிர்நிலத்தில் ஒரு மந்தை எத்தனை தலை என்பதைக் கோடை முடிவு செய்வதில்லை. மிகக் குறைவாகக் கிடைக்கிற மாதம்தான் முடிவு செய்கிறது. வீட்டில் குழாயில் தண்ணீர் வருகிற நாளைப் பார்த்தா தொட்டி கட்டுகிறோம்? வராத நாளைப் பார்த்துத்தானே.

எடைக் கணக்கில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 1963இல் மான்களின் எடை 38, 43 சதவீதம் குறைந்தது என்றேன். அப்படிக் குறைந்த பிறகும் அந்த எடை வளர்ப்பு மந்தை மான்களின் எடைக்கு ஏறத்தாழச் சமமாகத்தான் இருந்தது. முதல் முறையாகப் பார்க்கிறவர், சாதாரண மான்கள்தானே, நன்றாகத்தானே இருக்கின்றன என்றுதான் சொல்லியிருப்பார்.

வார்டில் எங்களுக்கு இது தினப்பாடு. 90 கிலோ இருந்த ஒருவர் 56 கிலோவுக்கு வந்து படுத்திருப்பார். புதிதாகப் பார்க்கிறவருக்கு அது உயரத்துக்கு ஏற்ற எடை, ஒல்லிகூட இல்லை. பழைய சார்ட்டை எடுத்துப் பார்க்கிறவருக்குத்தான் வயிற்றில் புளி கரைக்கும். அதனால்தான் முதியோர் இல்லத்தில் நாங்கள் தவறாமல் எடை எடுத்து எழுதி வைக்கிறோம். கட்டில் எல்லாம் நிரம்பியிருக்கிறதே என்று எந்த நர்ஸும் நிம்மதி அடைய மாட்டாள். ஒவ்வொரு கட்டிலிலும் இருப்பவர் போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று பார்ப்பாள். ஆறாயிரம் என்பது கட்டில் கணக்கு. கிளைன் எடுத்தது சார்ட் கணக்கு. அந்தத் தீவில் ஆபத்தைச் சொன்னது இரண்டாவது கணக்குதான்.

இரண்டாவது சங்கடம், பழியை மான் மேல் போடுவது. மான் அந்தத் தீவைத் தேர்ந்தெடுக்கவில்லை. பனிமான் நடக்கிற பிராணி. தீனி தேய்ந்தால் இடம் மாறும், பருவம் மாறினால் இடம் மாறும். நடந்து போக இடமில்லாத தரையில் அதைக் கொண்டுபோய் இறக்கியது மனிதர்கள். தேவை தீர்ந்ததும் விட்டுவிட்டுப் போனதும் மனிதர்கள்தான்.

நடக்க விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் இருக்கும் பகுதியிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. நார்வேயின் வடகோடியில் சாமி மக்கள் கோடையில் மந்தையைக் கடலோரத்துக்கும் தீவுகளுக்கும் ஓட்டிப் போவார்கள். அங்கே பசுமை அதிகம். கடலோரத்தில் குளிர்காலம் ஈரமானது, பனி கட்டியாகிவிடும். அதனால் குளிருக்கு உள்நாட்டு மேட்டுநிலத்துக்குத் திரும்புவார்கள். அங்கே பனி வறண்ட பொடியாக இருக்கும், கீழே லைக்கன் இருக்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. கோடையில் வெயிலில் காய்ந்த லைக்கன் அப்பளம்போல் நொறுங்கும். மான் தின்பதைவிட மிதித்துப் பாழாக்குவது அதிகம். குளிர்காலத்தில் மேலே பனி மூடியிருப்பதால் தோண்டிய குழியில் மட்டும்தான் சேதம். ஆகவே லைக்கன் நிலத்தில் கோடையில் கால் வைக்காமல் இருப்பதே அதைக் காப்பாற்றுகிற வழி.

இந்த நடைக்கு எல்லைக்கோடு தடையாக வரும் என்று முன்பே யோசித்திருந்தார்கள். 1751இல் ஸ்வீடனும் டென்மார்க்-நார்வேயும் எல்லை வகுத்தபோது, சாமி மக்கள் தங்கள் மான்களோடு இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் எல்லையைக் கடக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஓர் இணைப்பே எழுதிச் சேர்த்தார்கள். பின்லாந்து அப்போது ஸ்வீடனோடு இருந்தது. 1809இல் அது ரஷ்யப் பேரரசின் கீழ் போனது. 1852இல் நார்வேக்கும் பின்லாந்துக்கும் இடையிலான எல்லை மந்தைகளுக்கு மூடப்பட்டது. நார்வேப் பக்கத்து மான்கள் பின்லாந்தின் குளிர்கால லைக்கன் நிலங்களை இழந்தன. பின்லாந்துப் பக்கத்து மான்கள் நார்வேயின் கோடைக் கடலோரத்தை இழந்தன. நூறு ஆண்டு கழித்து, 1950களில், எல்லையில் வேலியும் வந்துவிட்டது.

இன்றைக்கு அந்த எல்லையின் சில இடங்களை வானத்திலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால், கோடு போட்டதுபோல் இரண்டு நிறம் தெரியும். நார்வேப் பக்கம் வெளிர் நிறம். அங்கே குளிர்காலத்தில் மட்டும் மேய்கிறார்கள், லைக்கன் அடர்ந்து கிடக்கிறது. பின்லாந்துப் பக்கம் கருமை. அங்கே கோடையிலும் மான்கள் நடக்கின்றன, லைக்கன் தேய்ந்துவிட்டது. ஒரே மண், ஒரே பனி, ஒரே மான். எந்த மாதத்தில் மேய்கிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம். செயின்ட் மேத்யூவில் அந்த வித்தியாசத்துக்கே இடமில்லை. கோடையும் குளிரும் அதே 330 சதுர கிலோமீட்டர்தான்.

கிளைன் 2005இல் மறுபடியும் அந்தத் தீவுக்குப் போனார். பக்கத்திலேயே ஹால் என்று ஒரு சிறு தீவு, அங்கே மான்களை யாரும் விட்டதில்லை. அதனோடு ஒப்பிட்டால் செயின்ட் மேத்யூவில் வளர்ந்திருந்த லைக்கன் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருந்தது. மந்தை செத்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும்.

சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் பார்வோன் கண்ட கனவை நாங்கள் கதையாகக் கேட்டோம். ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்றுவிடும். யோசேப்பு பொருள் சொல்லி, விளைகிற ஆண்டுகளில் தானியத்தைக் களஞ்சியத்தில் சேர்க்கச் சொல்வான். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, கொழுத்த ஆண்டில் நின்றுகொண்டே அவன் மெலிந்த ஆண்டைப் பார்த்தது. பனிமானுக்குக் களஞ்சியம் கட்ட முடியாது. அதன் களஞ்சியம் தரையிலேயே விரிந்து கிடக்கிறது, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டு. அதைக் காப்பது, எப்போது எங்கே கால் வைக்க வேண்டும் என்று அறிந்தவர்களின் வேலை. இப்போது இங்கே பல மந்தைகளுக்குக் குளிர்காலத்தில் வைக்கோலும் தீவனமும் போட்டுத்தான் காப்பாற்றுகிறார்கள். செலவு அதிகம், ஆனால் மான் பிழைக்கிறது.

பெரியவர் இப்போது இல்லை. அவர் இருந்த கடைசிக் குளிர்காலத்தில், மழைக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் பழகியிருந்தேன். காலையில் உள்ளே போகும் முன் ஜன்னல் வழியே பார்த்துவிடுவேன். "மழை இல்லை, பொடிப்பனிதான்" என்று நான் சொன்னால், தலையை ஆட்டிவிட்டுக் கஞ்சியைக் கையில் எடுப்பார். சார்ட்டில் 'முழுதாகச் சாப்பிட்டார்' என்று எழுதுவேன்.